பவர் ஸ்டியரிங்கைக் கழற்றலாமா?

பழைய ஹோண்டா சிட்டி ஒன்றை வாங்கி, பின்சீட்டையும் தரைவிரிப்பையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டத் தயார் செய்கிற பையன்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஏசி கம்ப்ரசர் போயாயிற்று. பானெட்டைத் திறந்தால் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது, பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் பவர் ஸ்டியரிங் பம்பு. "அண்ணே, இதையும் கழற்றிடலாமா? வெயிட் குறையும், இன்ஜின் பவர் மிச்சமாகும், ரோடு நல்லா கைக்குத் தெரியும்னு சொல்றாங்களே?"

சொல்கிற மூன்றும் உண்மைதான். ஆனாலும் கழற்றாதே என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். ஏன் என்பதை நின்று பேச ட்ராக்கில் நேரம் கிடைப்பதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழையசீவரம் வந்து, வாலாஜாபாத்தில் ஒரகடம் சாலையைப் பிடித்தால் வாரணவாசி வரும். அங்கே ரானே மெட்ராஸ் நிறுவனத்தின் ஸ்டியரிங் தொழிற்சாலை இருக்கிறது. அதையும் கடந்து ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சென்னைப் பக்கம் திரும்பினால், 1990-ல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஸ்டியரிங் செய்கிற இடத்தையும் அது முழுச் சோதனைக்கு ஆளாகிற இடத்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் கல் குவாரிகள் நிறைய. ஜல்லி ஏற்றிய லாரிகள் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும். என் சித்தப்பா லாரி ஓட்டியவர். பவர் இல்லாத காலத்தில், பெரிய சக்கரம் போன்ற அந்த ஸ்டியரிங்கை, சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்று இழுப்பாராம். லோடோடு குவாரிக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்துவதுதான் அன்றைய பெரிய வேலை. "பவர் ஸ்டியரிங் வண்டி கைக்கு வந்த பிறகுதான்டா ராத்திரி சோத்தைப் பிசையக் கை ஒத்துழைச்சுது" என்பார். அவரிடம் போய் "ரோடு ஃபீல் குறையுமே சித்தப்பா" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பவர் ஸ்டியரிங் உருவான காரணமும் அதுதான். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-ல் அதை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் கனமான ராணுவ வண்டிகளுக்குப் பயன்பட்டது. 1951-ல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் மூலம் விற்பனைக் காருக்கு வந்தது. நம் மாநிலத்தில் 1987-ல் ரானே பவர் ஸ்டியரிங் நிறுவனம் தொடங்கியது. கனத்தைச் சுமக்கிற கைக்கு உதவி என்பதே அதன் பிறப்பு.

ரேஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் வண்டியைத் திருப்புவதற்கு மட்டுமல்ல, டயர் என்ன நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும் தேவை. நேர்ப்பாதையின் முழு வேகத்தில் வந்து சி1 என்கிற முதல் வளைவுக்குள் வலப்பக்கம் திருப்புகிறோம். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயரின் சிறு பகுதி முறுகுகிறது. அது திரும்ப நேராகப் பார்க்கிறது. அந்த எதிர்ப்புதான் டை ராட், ராக், ஸ்டியரிங் தண்டு வழியாக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. வளைவு இறுக இறுகக் கை கனக்கும். ஆனால் டயரின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தக் கனம் குறையத் தொடங்கிவிடும். முன் டயர் வழுக்கப் போகிறது என்பதற்கு அதுதான் எச்சரிக்கை. கண் பார்ப்பதற்குள், டயர் கீச்சிடுவதற்குள் கைக்கு வந்துவிடுகிற செய்தி அது. நல்ல ஓட்டுநர் அந்தக் கணத்தில் ஆக்சிலரேட்டரை மயிரிழை தளர்த்துவார், ஸ்டியரிங்கை மேலும் திருப்பமாட்டார். தெரியாதவர் இன்னும் திருப்புவார். வண்டி நேராக மண்ணுக்குள் போய் நிற்கும்.

பவர் ஸ்டியரிங்கைக் கழற்றச் சொல்கிறவர்கள் இந்தச் செய்தியைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செய்தி பம்பில் பிறப்பதில்லை. டயரிலும், முன்சக்கரம் சாய்ந்திருக்கும் கோணங்களிலும், புஷ், பால் ஜாயின்ட்டுகளின் இறுக்கத்திலும் பிறக்கிறது. தேய்ந்த டை ராட் எண்டோடு, காற்றழுத்தம் பார்க்காத டயரோடு வந்துவிட்டு, ஃபீல் இல்லை என்று பம்பைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஹைட்ராலிக் ஸ்டியரிங் டயரின் செய்தியை மெல்லியதாக்கும், அழித்துவிடாது. அதைவிட முக்கியமாக, பவர் இருந்தால் கேஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வை, துணிந்து கூட்டலாம். கேஸ்டர் கூடினால் ஸ்டியரிங் நேராகத் திரும்பி வர முனைவது வலுக்கும்; வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் சாய்ந்து ரப்பரைத் தரையோடு நன்றாகப் பொருத்தும். பவர் இல்லாத வண்டியில் அந்தக் கோணத்தை வைத்தால் கை தாங்காது.

அப்படியானால் பவர் இல்லாத ரேஸ் கார்களே இல்லையா? நிறைய இருக்கின்றன. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800-ன் இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயனின் ரேஸ் வாழ்க்கை தொடங்கியது. அந்த ஒற்றை இருக்கைக் கார்களுக்குப் பவர் ஸ்டியரிங் தேவைப்படவில்லை. கார் இலேசு, இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், முன்சக்கரத்தின் மேல் சுமை குறைவு. 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் ஏறக்குறைய 725 கிலோதான், அதுவும் அப்படியே. நம் மாருதி 800 சுமார் 650 கிலோ, குட்டி டயர். சாதாரண ஸ்டியரிங்கே விரல் நுனியில் பேசும். சிட்டி கதை வேறு. ஏறக்குறைய ஒரு டன் வண்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம், எடையில் பாதிக்கு மேல் அதன் தலையில். அதற்கு அகலமான, ஒட்டும் டயர் வேறு போடுகிறோம். எலிஸுக்குச் சொன்னதை அதற்கும் சொல்ல முடியாது.

கழற்றுகிற முறையிலும் பெரிய தவறு நடக்கிறது. பெல்ட்டை அறுத்துவிட்டு, பம்பை எடுத்துவிட்டு, ராக்கின் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ராக்குக்குள் பிஸ்டன் இருக்கிறது. அதன் சீல் உருளையின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்ச ஆயிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளவேண்டும். ஸ்டியரிங் தண்டும் பினியனும் சேருகிற இடத்தில் டார்ஷன் பார் என்ற மெல்லிய கம்பி இருக்கிறது. அது சிறிது முறுகினால்தான் வால்வு திறந்து உதவி கிடைக்கும். உதவியே இல்லாதபோதும் அது முறுகிக்கொண்டுதான் இருக்கும். கை திருப்பிய பிறகு சக்கரம் தாமதமாகக் கேட்கும். கனமும் கூடி, துல்லியமும் போய்விட்ட ஸ்டியரிங்தான் மிஞ்சும். ஒழுங்காகச் செய்வதென்றால் ராக்கைப் பிரித்து, பிஸ்டன் சீலை எடுத்து, டார்ஷன் பாரை அசையாமல் இறுக்கி, கிரீஸ் வைத்துக் கட்டவேண்டும். அப்போதும் பல்விகிதம் பவருக்காக வைத்த வேகமான விகிதம்தான்; கை நோகும். அந்த வண்டிக்கென்றே வந்த மேனுவல் ராக் கிடைத்தால் போடலாம். அதில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுற்றவேண்டிய சுற்றுகள் கூடும். பின்பக்கம் வழுக்கும்போது எதிர்த்திசையில் சட்டென்று திருப்பிப் பிடிக்க அந்தக் கூடுதல் சுற்றுக்கு நேரம் கிடைக்காது.

மோட்டார் உதவுகிற எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் ஃபியூஸைப் பிடுங்கி ஓட்டுகிறவர்களும் உண்டு. செத்த மோட்டாரையும் அதன் பல்சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றுவது, பவரே இல்லாமல் பிறந்த ஸ்டியரிங்கைவிடக் கஷ்டம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில், இன்ஜினை உச்ச வேகத்திலேயே வைத்து லேப்புக்கு மேல் லேப் ஓட்டும்போது பம்பும் அதே வேகத்தில் சுற்றுகிறது. ஆயில் கொதித்து, நுரைத்து, மூடி வழியாகப் பொங்குகிறது. சூடான எக்ஸாஸ்டின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய் வெடித்தாலும் அதேதான். சிறிய கூலர் ஒன்று, புது ஆயில், புது ஹோஸ், அளவுக்கோட்டுக்கு மேல் ஊற்றாமை, பம்பின் வேகத்தைக் குறைக்கச் சற்றுப் பெரிய புல்லி: இவ்வளவு செய்தால் பம்பு ஒரு சீசனைத் தாங்கும். பெரிய செலவும் இல்லை.

இதில் ஆண்மைப் பேச்சு ஒன்றும் அடிக்கடி வருகிறது: கை வலுவில்லாதவனுக்கு எதற்கு ரேஸ் என்று. 2019-ல் ஃபார்முலா 2-வில் ஓட்டிய கொலம்பியாவின் தாத்தியானா கால்தெரோன் பவர் ஸ்டியரிங் இல்லாத அந்தக் காரின் கனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இண்டிகாரிலும் பவர் கிடையாது. அங்கே ஓட்டுநர்கள் தோளுக்கும் முன்கைக்கும் தனிப் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கிற ஃபார்முலா 1 பவர் ஸ்டியரிங்கை அனுமதிக்கிறது. ஓட்டுநரின் உடல் உழைப்பைக் குறைப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்யக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் படித்தபோது இந்தக் கேள்விக்கான பதில் அதிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. உழைப்பைக் குறை, செய்தியில் கைவைக்காதே.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுமார் 300 டன் கனம் என்று சொல்லப்படும் அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. முனை திரும்பும்போது சக்கரத்தடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போடுகிறார்கள். பலம் தேவைப்படும் இடத்தில் எல்லா உதவியும் உண்டு. ஆனால் தேர் எந்தப் பக்கம் எவ்வளவு போகவேண்டும் என்பதை முடிவு செய்வது இன்றைக்கும் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து முட்டுக்கட்டை போடுகிறவரின் கைதான். உதவி வாங்கிக்கொண்டதால் அவருடைய கைத்திறன் குறைந்துவிடவில்லை. அவர் தன் கவனம் முழுவதையும் திசையில் வைக்க முடிகிறது.

ட்ராக்கிலும் அப்படித்தான். ஓட்டத்தின் பின்பாதியில், முன்கை மரத்துப்போன பிறகு, டயர் என்ன சொன்னாலும் கைக்குக் கேட்காது. களைத்த கை இறுகப் பிடிக்கும். இறுகிய கைக்கு மெல்லிய செய்தி எட்டாது. ஃபீல் வேண்டுமென்று பவரைக் கழற்றியவர், கடைசி லேப்புகளில் அந்த ஃபீலை இழந்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்.

ஆகவே என் தீர்ப்பு இது. வண்டி 700 கிலோவைச் சுற்றி இருந்து, முன்பக்கம் இலேசாக இருந்து, அதற்கேற்ற மேனுவல் ராக்கும் கிடைத்தால் கழற்றுங்கள், முழுமையாகக் கழற்றுங்கள். அதற்கு மேலான எடையுள்ள, முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் பவரை வைத்துக்கொண்டு அதை நன்றாகப் பராமரியுங்கள். எதுவாக இருந்தாலும், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் டயர், அலைன்மென்ட், டை ராட் எண்டு மூன்றையும் சரிசெய்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். கேட்கவேண்டியது அப்போதே கையில் கேட்டுவிட்டால், பம்பைத் தொடாதீர்கள்.