வாப்பாவின் றேடியோ

வாப்பா மௌத்தாகிய நாளிலிருந்து அலுமாரிக்கு மேல், உம்மா தைத்த பூத்துணிக்குக் கீழ் கிடந்த றேடியோவைச் சென்ற விடுமுறையில் நான் கழற்றினேன். அது பேச மறந்து பல வருடங்கள். எனக்குத் தேவைப்பட்டவை அதன் வயிற்றிலிருந்த இரண்டு ஏசி 128 ஜேர்மானியம் திரான்சிற்றர்கள். கடைகளில் கேட்டால் சிலிக்கனைத்தான் நீட்டுகிறார்கள்.

ஆசிரிய கலாசாலை விடுதியில் கிட்டார் பழகியவன் நான். 1966இல் லண்டனில் ஆர்பிற்றர் கம்பனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலை, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்ததே அதை, வீட்டில் செய்துபார்க்க நீண்டநாள் ஆசை. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு திரான்சிற்றர், நான்கு தடையி, மூன்று கொள்ளளவி, இரண்டு மாறுந்தடை. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஈயம் வைத்து முடித்துவிடும். கிட்டாரின் மெல்லிய அலையை அளவுக்குமீறிப் பெருக்கி, அதன் தலையையும் அடியையும் வெட்டிவிடுகிறது. அந்த வெட்டில்தான் கரகரப்பு பிறக்கிறது.

சுபஹுக்குப் பிறகு நன்றாகப் பாடிய பெடல் லுஹருக்குப் பிறகு விக்கியது. எங்கள் வீடு தகரக்கூரை. சூடு ஏற ஏற ஜேர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் கூடும். இரண்டாவது திரான்சிற்றரின் சேகரிப்பானில் நிற்கவேண்டிய 4.5 வோல்ற்று இடம்பெயர்ந்துவிடும். 8.2 கிலோ ஓம் தடையியை எடுத்துவிட்டு, திருகிச் சரிசெய்யக்கூடிய ஒன்றை அங்கே வைத்தேன். இப்போது பகலுக்கொரு திருகல், இரவுக்கொரு திருகல்.

உம்மாவுக்கு விடயம் தெரிந்தது. "வாப்பாட சாமான்தான் உம்மா இப்ப பாடுது" என்று சமாளித்தேன். நிலத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"கால வெச்சி மிதிக்கிறதுக்கா மகன் எடுத்தாய்?"

மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை.

அந்த நாட்களில் கிட்டாருக்குத் துணையாகக் கணினியில் ட்ரம்ஸ் அமைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை பலம் கொடுக்கலாம். நான் எல்லாவற்றுக்கும் 100 கொடுத்திருந்தேன். ஒரே அடி மாறாமல் திரும்பத்திரும்ப விழுவதை இயந்திரத் துப்பாக்கி என்பார்கள் இத்துறையினர். எங்கள் ஊரில் அந்த உவமை வேண்டாம்.

"என்ன மகன் இது, நெல்லுக் குத்துற மெசினா?"

மூன்று நாட்களுக்குப் பின் உம்மாவின் முதல் வார்த்தை. அவரது காக்கா கல்யாண வீடுகளில் றபான் அடித்தவர். உம்மா வெற்றிலை வட்டாவைக் கவிழ்த்து விரல்களால் தட்டிக்காட்டினார். ஓர் அடி உரத்து, அடுத்த இரண்டும் தொட்டும் தொடாமலும், அதற்கடுத்தது சற்றுப் பிந்தி.

"அடிக்கிறவன்ட கை களைக்கும்தானே."

அன்றிரவு முழுவதையும் மாற்றினேன். முக்கிய அடிகளுக்கு 110, இடையில் முணுமுணுக்கும் அடிகளுக்கு 30, 35. சில அடிகளை ஓரிரு மில்லிசெக்கன் பிந்தவைத்தேன். இரண்டு கையும் பெரிய ட்ரம்களில் இருக்கும்போது ஹை-ஹாற்றும் ஒலித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது கை யாருடையது? அதை அழித்தேன். காலையில் உம்மா கேட்டார்.

"இப்ப ஒரு ஆள் இருக்கான்."

பெடலை மேசைக்கு ஏற்றிவிட்டேன், கீழே அதே பூத்துணி. கையால்தான் அழுத்துகிறேன். அதற்காகப் பாட்டின் நடுவே கிட்டாரிலிருந்து கையை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ட்ரம்ஸுக்கு இரண்டு அடி கூட்டி வைத்திருக்கிறேன்.