தண்ணி எத்தினி அடி?

ஐப்பசி பாதி தாண்டிவிட்டால் சித்தப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆவடி டாங்க் பேக்டரியில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு, அன்றைக்கும் விடியுமுன்னே ராஜ்தூத்தை உதைத்துக் கிளப்பிவிடுவார். அந்தப் படபடச் சத்தத்தில் ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெரு மொத்தமும் எழுந்துகொள்ளும். பெட்ரோல் டேங்க் மேல் நான், பின்னால் சித்தி, இரண்டு பேருக்கும் நடுவில் தம்பி. எங்கே போகிறோம் என்று யாரும் கேட்டதில்லை. மழை பெய்திருக்கிறது, தண்ணி பார்க்கப் போகிறோம்.

பரணிபுத்தூர் தாண்டினால் ரெண்டு பக்கமும் வயல்தான். நீங்களும் அந்த வழியில் வந்திருப்பீர்கள். தார் ரோட்டின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஏறி நிற்கும், சம்பும் கோரையும் தலை நீட்டிக்கொண்டிருக்கும், வண்டிச் சத்தம் கேட்டதும் தவளைகள் கப்பென்று வாயை மூடிக்கொண்டு, நாம் கடந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். ஈர வைக்கோல் வாசனையும் சூளைப் புகையும் கலந்து வரும். மாங்காட்டில் வண்டியை நிறுத்தமாட்டார். சித்தி உட்கார்ந்தபடியே காமாட்சியம்மனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். குன்றத்தூரில் மட்டும் மலையடிவாரத்தில் நிற்போம். டீயில் பொறையை நனைத்துத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டே, "சேக்கிழார் பொறந்த ஊருடா இது" என்று சித்தி சொல்வாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலவே.

அப்புறம் சிறுகளத்தூர்ப் பக்கம் திரும்பினால் காற்றே மாறிவிடும். ஏரி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். பாசி வாடை, மீன் வாடை, ஊறிப்போன களிமண் வாடை. கரைமேல் ஏறினால் அந்தாண்ட கரை தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரியைக் கடல் என்றுதான் தம்பி நினைத்திருந்தான்.

வண்டியை நிறுத்தினதும் சித்தப்பா செய்கிற முதல் காரியம், அளவுக் கல்லைப் பார்க்கச் சொல்வது. "தண்ணி எத்தினி அடிடா?" கண்ணை இடுக்கிப் பார்த்து நான்தான் சொல்லவேண்டும். முழுக் கொள்ளளவு 24 அடி. 18 என்றால் உதட்டைப் பிதுக்குவார். 20 என்றால் தலையாட்டுவார். 22 தாண்டிவிட்டது என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மதகு திறப்பார்களே! ஐந்து கண் மதகு ஒன்று, பத்தொன்பது கண் மதகு ஒன்று. ஷட்டரைத் தூக்கினால் வெள்ளையாகப் பொங்கி விழுகிற தண்ணீரின் அதிர்வு செருப்புக் காலில் ஏறும். எதிர்த்தாற்போல் கொக்கும் நாரையும் வரிசைகட்டி நிற்கும். நீர்க்காகம் முங்கி எழுந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். அந்த இரைச்சலில் யாரும் பேசமுடியாது, பேசவும் மாட்டோம்.

திரும்புகிறபோது மீன். கரையோரம் கோணி விரித்து, வலையிலிருந்து அப்படியே உதறிய கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். உயிரோடு துள்ளுகிற விராலை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே சித்தி வருவாள். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக் கருங்கல்லில் அடுப்புச் சாம்பலைப் போட்டு, வழுவழுப்பு போகிற வரைக்கும் தேய்ப்பாள். சாம்பல் கறுத்துக் குழம்பாகும், கல் சரசரக்கும், பூனை ரெண்டு சுற்றி வரும். மாங்காய் போட்ட அந்தக் குழம்பை அன்றைக்குத் தொடக்கூடாது, மறுநாள் காலையில்தான்.

சில ஞாயிறு வேறு வழி. பூந்தமல்லி, திருமழிசை, வெள்ளவேடு என்று திருவள்ளூர் ரோட்டில் போய் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் இறங்குவோம். அங்கே ஓடுகிறது கூவம். நம்பமாட்டீர்கள், ஆற்றில் இறங்கிக் குளித்திருக்கிறோம். அடியில் மணல் தெரியும், பொடிமீன் காலைக் கடிக்கும். அங்கிருந்து பங்காரு கால்வாய் வழியாகக் கூவத்துத் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறார்கள் என்று சித்தப்பா குச்சியால் மணலில் கோடு போட்டுக் காட்டுவார். பட்டணத்தில் நேப்பியர் பாலத்துப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள் திட்டுகிறார்களே, அவர்கள் ஒருநாளாவது இந்தப் பக்கம் வந்திருந்தால் இப்படித் திட்டுவார்களா? ஆறு கெட்டு வரவில்லை. நாம்தான் வழியில் கெடுத்து அனுப்புகிறோம்.

இப்போது பரணிபுத்தூர் ரோட்டில் தவளைச் சத்தம் கிடையாது. வயல் இருந்த இடமெல்லாம் மனை, மனையெல்லாம் அடுக்குமாடி. பெருமழை வந்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்து தரைத்தள வாசலில் நிற்கிறது. போரூர் ஏரிமேலேயே பைபாஸ் போகிறது. மாங்காட்டையும் குன்றத்தூரையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை தொட்டுக்கொண்டு ஓடுகிறது. எங்கள் மெயின் ரோட்டுக்கு மேலே மெட்ரோ தூண்கள். போக்குவரத்து வேண்டியதுதான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த ரோட்டில் போனாலும் தண்ணீர் கண்ணில் படுவதில்லை.

அடிக்கணக்கு மட்டும் தவறாமல் வீடு தேடி வந்துவிடுகிறது. மழைக்காலம் முழுக்க டிவியில் கீழே ஓடிக்கொண்டே இருக்கும்: செம்பரம்பாக்கம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி. 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்து அடையாறு ஊருக்குள் புகுந்த பிறகு, அந்த எண் எல்லோருக்கும் பயம். 2019 கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தபோது அது வேறு மாதிரி பயம். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றோம். சித்தப்பாவுக்கு அந்த எண் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! ராஜ்தூத் இப்போது சித்தி வீட்டு மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. டயர் ரெண்டும் தரையோடு படிந்துவிட்டன. எடைக்குப் போடச் சித்தி விடவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணி தெரியும், கேன் தண்ணி தெரியும், லாரித் தண்ணி தெரியும். கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ள எச்சரிக்கை இல்லாத நாளாகப் பார்த்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். குன்றத்தூர் வழி வேண்டாம், நெரிசல் தாங்காது. திருமழிசை வழியாக ஜமீன் கொரட்டூருக்கே போகலாம். கரையில் நின்று, இதுதான் கூவம் என்று சொல்லிக் காட்டுங்கள்.