சுக்குக் கிடங்கில் ஒரு குரல்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரு தடவை கை தட்டிப் பார்ப்பேன். கொச்சி ஜூ டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியிலும் தட்டினேன். உயரமான கூரை, வெறும் சுண்ணாம்புச் சுவர், சிமெண்ட் தரை, இரண்டு நாற்காலி. சத்தம் அடங்க மனசில்லாமல் மூலைக்கு மூலை சுற்றியது. அது காதில் விழுந்தும் அங்கேயே மைக்கை வைத்தேன். ஆட்டோ சத்தம் இல்லாத இடம் கிடைத்ததே பெரிதாகப் பட்டது.

நான் பேச்சைப் பதிவு செய்யப் போன பாட்டிக்குப் பூர்வீகம் போடி. கல்யாணமாகி இங்கே வந்து, மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நாற்பது வருஷம் சுக்கு தரம் பிரித்தவர். ஒரு மணி நேரம் பேசினார். பிறகு ஹெட்போனை அவர் காதில் வைத்தேன்.

"ஏன் தம்பி, நான் என்ன கெணத்துக்குள்ள உக்காந்தா பேசுனேன்?"

சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். சுவரில் பட்டுச் சில மில்லிநொடியில் திரும்பிவிடும். நேரில் கேட்கும்போது இரண்டு காதும் மூளையும் சேர்ந்து அதை ஒதுக்கிக்கொள்கின்றன. ஒற்றை மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? பாட்டியும் சுவரும் அதற்கு ஒன்றுதான்.

அன்று மாலை தெருக்கோடியில் உள்ள பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக் கூடத்துக்குப் போனேன். 1568இல் கட்டியது. சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள் மேல் வெறுங்காலோடு நின்றேன். அங்கே கை தட்டத் தோன்றவில்லை. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடியவர்கள். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். பார்பரா ஜான்சன் போன்றவர்கள் தேடிப் போய்ப் பதிவு செய்ததால்தான் 2004இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகம் அந்தப் பாட்டுகளைக் குறுந்தகடாகக் கொண்டுவர முடிந்தது. வயதானவர்களிடம் இன்னொரு தடவை பாடுங்கள் என்று எத்தனை முறை கேட்க முடியும்?

ஊர் திரும்பி, எதிரொலியை நீக்கும் மென்பொருளில் பாட்டியின் குரலைப் போட்டேன். ஒவ்வொரு அசைக்கும் பின்னால் இழுபடும் வாலை அது நறுக்கியது. கிணறு போனது. கூடவே 'சுக்கு', 'சாக்கு', 'காசு' எல்லாவற்றிலும் கடைசி உகரமும் போனது. குற்றியலுகரம், அரை மாத்திரைதான் அதன் ஆயுசு. சுவரின் வால் எது, பாட்டியின் உகரம் எது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. அளவைக் குறைத்தால் கிணறு திரும்பியது, கூட்டினால் உகரம் செத்தது. மூன்று இரவு அதோடு மல்லுக்கட்டினேன். எதிரொலியை அறையிலேயே அடக்கியிருக்க வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்பவர், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் பக்கத்து அரங்கின் மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மெத்தைக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் சாக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி மட்டாஞ்சேரி. சுக்கு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கிடங்கில், நடுவே பாட்டியை உட்கார வைத்தோம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். தூரம் பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபெல் ஏறும், அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். கை தட்டினேன். சணல் நூல்களுக்குள் புகுந்த சத்தம் வெளியே வரவில்லை. சுக்கு நெடியில் எனக்குத்தான் இருமல்.

பாட்டி பேசினார். உகரம் ஒவ்வொன்றும் இருந்தது. ஆனால் புருஷன் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் போன முதல் நாள் கதையை மட்டும் சொல்லவில்லை. கேட்டேன்.

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே தம்பி."

அதைக் கேட்க மட்டும் மாடியில் எடுத்த பழைய பதிவைத்தான் திறக்கிறேன், எதையும் நறுக்காமல்.