அந்தப் பிள்ளை ஏன் குந்தி உட்கார்ந்தாள்?

என் அன்புப் பிள்ளைகளே (உங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது, இருந்தாலும் எனக்குப் பிள்ளைகள்தான்), சொந்தபந்தங்களே! இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். காபி ஆறினாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிடுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன்.

போன வியாழக்கிழமை உச்சிக்காலப் பூஜைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு அம்பாளாகவே வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, "டீச்சர்!" என்று ஒரு குரல். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பையன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். பக்கத்தில் அவன் மனைவி, மடியில் நாலு மாதக் குழந்தை.

குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. பால் குடிக்கும்போது நாலு வாய் குடிப்பதும், நிறுத்தி மூச்சு வாங்குவதுமாக இருந்தது.

"இதயத்துல ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டாங்க டீச்சர். லட்சக்கணக்குல ஆகுமாம். ஆட்டோவை வித்துரலாம்னு இருக்கேன். யாராச்சும் பெரியவங்ககிட்ட சொல்லி உதவி வாங்கித் தர முடியுமா?"

"ஆட்டோவை விக்காதே. முதல்ல உக்காரு" என்றேன். திருநீற்று மதில் ஓரமாக நிழலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினோம். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன்னால் 1986-ஐச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள் ஆன நேரம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவளோடு படித்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஒல்லியான பிள்ளை. உதடும் நகமும் எப்போதும் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். "பேனா மையைத் தின்னியா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

விளையாட்டுப் பீரியடில் பத்தடி ஓடுவாள், உடனே இரண்டு முழங்காலையும் மடக்கிக் குந்தி உட்கார்ந்துவிடுவாள். காலை வழிபாட்டு வரிசையிலும் அப்படித்தான். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் திட்டி, "பத்து நிமிஷம் நேரா நில்லு" என்று வெயிலில் நிற்க வைத்தேன். நின்றாள். அழவில்லை. முகம் நீலம் பாரித்துக் கீழே சரிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இந்தப் பிள்ளை அடிக்கடி குந்தி உக்காருமா டீச்சர்?"

அன்றைக்குத்தான் அந்த நோயின் கதை எனக்குத் தெரிந்தது. இதயத்துக்கு நாலு அறை. கெட்ட ரத்தம் வலப்பக்கம் வந்து நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, இடப்பக்கம் வந்து உடம்புக்குப் போக வேண்டும். இவளுக்குக் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். அதனால் கெட்ட ரத்தம் சுத்தமாகாமலே உடம்புக்குப் போகிறது. உதடு நீலமானது அதனால்தான். குந்தி உட்கார்ந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அழுந்தி, நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும். மூச்சு சற்றுத் தெளியும். யாரும் சொல்லித்தராமல் அந்த எட்டு வயசுப் பிள்ளை தனக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. அதைத்தான் நான் தண்டித்தேன்.

"சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டு போங்க" என்றார் டாக்டர். அப்போதே ஆபரேஷன் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை டாக்டர் கே.எம்.செரியன் 1975-லேயே நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்துவிட்டார். இவளுடைய நோய்க்கு அமெரிக்காவில் 1944-லேயே வழி கண்டுபிடித்தாயிற்று. ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர், காது சரியாகக் கேட்காததால் குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தைப் படித்தவர், யோசனை சொன்னார். பிளாலாக் என்ற சர்ஜன் கத்தி பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பினத்தவர். அந்த அறுவையை ஆய்வுக்கூடத்தில் செய்து செய்து பழகியவர் அவர்தான்.

ஆக, வழி இருந்தது. கொள்ளிடக் கரையில் செங்கல் சுமந்த ஒரு அப்பாவுக்கு அந்த வழிக்கு வந்து சேரப் பணம் இல்லை. ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். கடைகடையாக ஏறி இறங்கினேன். என் சீட்டுப் பணத்தையும் எடுத்தேன். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம். தேவைப்பட்டது அதைப்போலப் பல மடங்கு. இன்னும் சேர்க்கலாம், பொங்கல் கழித்துக் கிளம்பலாம் என்று இருந்தோம். மார்கழியில் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள்.

நான் வெயிலில் நிற்க வைத்ததால் போகவில்லை என்று டாக்டர் சொன்னார். சரிதான். ஆனால் கைக்குக் கை தட்டிக் காசு சேர்த்தபோதும் என் மனசில் ஓடியது ஒன்றுதான். இந்த ஜூன் மாதமே நான் கேட்டிருந்தால்? "ஏம்மா உக்கார்றே?" என்று ஒரே ஒரு கேள்வி?

அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை என் வகுப்பில் யார் உட்கார்ந்தாலும் முதலில் காரணம் கேட்டேன். "நம்ம டீச்சர் ஏன் நகத்தையெல்லாம் பிடிச்சுப் பாக்கறாங்க"ன்னு நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். அழுக்குக்காக மட்டும் பார்க்கவில்லை.

இப்போது ஆட்டோக்காரப் பிள்ளையிடம் சொன்னதற்கு வருகிறேன். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும். எல்லாமே பயப்படும்படி இருக்காது. சின்ன ஓட்டை சிலது தானாகவே மூடிக்கொள்ளும். சிலதைத் தொடை வழியாகக் குழாய் விட்டுச் சின்னக் குடை மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிடுகிறார்கள். சிலதுக்கு ஆபரேஷன்தான், அதுவும் காலம் தாழ்த்தாமல். எது எந்த வகை என்று எக்கோ பார்த்துக் குழந்தைகள் இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமி சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது.

பணத்துக்கு முதல் கதவு அரசாங்கம். 2008-லேயே பள்ளிச் சிறார்களுக்கு இதய அறுவை சிகிச்சைக்கென்று தமிழக அரசு தனித் திட்டம் கொண்டு வந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கார்டு கிடைக்கும். வருஷத்துக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். 2013-லிருந்து மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர், நர்ஸ் கொண்ட குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். திருச்சிக்கு அது புத்தூர் அரசு மருத்துவமனையில். வழி தெரியாதவர்கள் 104-க்குப் போன் பண்ணலாம்.

இரண்டாவது கதவு தர்மம். புட்டபர்த்தியில் சத்ய சாயி மருத்துவமனை 1991-லிருந்து பைசா வாங்காமல் இதய அறுவை செய்கிறது. 1975-ல் உகாண்டாவிலிருந்து ஒரு ஐந்து வயசுச் சிறுமியை நியூயார்க்குக்கு அழைத்து வந்து ஆபரேஷன் செய்ய வைத்தது ஒரு ரோட்டரி சங்கம். அந்த ஒரு குழந்தையில் தொடங்கியது உலகம் முழுக்கப் பரவி, நம் நாட்டிலும் ரோட்டரிக்காரர்கள் செய்கிறார்கள். 2003-ல் லாகூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பாகிஸ்தான் குழந்தைக்கு பெங்களூரு நாராயண ஹ்ருதயாலயாவில் ஆபரேஷன் நடந்தது. அப்போது நம் ஜனங்கள் அந்தக் குழந்தைக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

காப்பீடு ஆபரேஷனுக்குக் கொடுக்கும். ஆனால் அப்பா வேலைக்குப் போகாத இருபது நாள் கூலியை யார் கொடுப்பார்? சென்னைக்கு நாலு தரம் போய்வரும் டிக்கெட், அம்மா ஆஸ்பத்திரி வாசலில் சாப்பிடும் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஆபரேஷனுக்குப் பிறகு மாதாமாதம் மருந்து. இங்கேதான் குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. பெரிய அறக்கட்டளை வேண்டாம், நாமே போதும் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் குழந்தை படம் போட்டு வரும் எல்லாவற்றுக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நோயாளி எண்ணைக் கேட்டு உறுதிசெய்து, ஆஸ்பத்திரிக் கணக்குக்கே அனுப்புங்கள். கொடுத்த குடும்பத்தின் படத்தை வெளியே போடாதீர்கள். அவர்களுக்கும் மானம் உண்டு.

நம் கோயில் திருநீற்று மதில் கதையைச் சின்ன வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மதில் கட்டிய கூலியாட்களுக்குச் சித்தர் வடிவில் வந்த சுவாமி ஆளுக்கு ஒரு பிடி திருநீறு கொடுத்தார், அவரவர் வேலைக்கு ஏற்ற அளவு அது பொன்னானது என்று. அன்றைக்கு அந்த மதில் ஓரம் உட்கார்ந்திருந்தபோது, 1986-ல் நாங்கள் செய்த வேலைக்கு ஏன் ஒன்றும் பொன்னாகவில்லை என்று தோன்றியது. அந்தப் பையன் குறித்துக்கொண்ட காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும் எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்களோடு புத்தூர் போகிறேன். முட்டி வலியோடு அந்த வராண்டாவில் அலைய எனக்குத் துணை வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வாருங்கள். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் நீல உதடு, ஓடினால் குந்தும் பிள்ளை, எடை ஏறாத, அடிக்கடி சளிக்காய்ச்சல் வரும் பிள்ளை இருந்தால் திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த வருஷம் குரூப் போட்டோ எடுத்தது மாசியில். அவள் அதில் இல்லை. அவளோடு அந்த மூன்றாம் வகுப்பில் படித்தவர்கள் யாரிடமாவது, திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ எடுத்த படத்தில் ஒரு ஓரமாகவாவது அவள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவருகிறது.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
திருவானைக்காவல்