நாணமும் நோயும்

ஹயா என்னும் நாணம் ஈமானின் ஒரு கிளை எனப் பெண்களுக்குப் பல்லாண்டுகள் பாடம் சொல்லியவர் நாம். அதைக் கேட்டு வளர்ந்த தாராபுரத்துத் தாய் ஒருவர், கருப்பைவாய்ப் புற்றின் குருதிப்போக்கை எவரிடமும் கூறாது மறைத்தார், அதனாலேயே மறைந்தார். ஜனாஸாவின்போதுதான் நம் போதனையின் குறை நமக்கு உறைத்தது.

ஒட்டன்சத்திரத்தை அடுத்து, நமக்கு அண்மையிலுள்ள அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பைவாயில் நீர்த்த காடி அமிலத்தைத் தடவிச் சோதித்தனர். புற்றின் முற்குறி உள்ள இடம் வெளுத்துக் காட்டும். அதனை உறையவைத்தே அழித்துவிடலாம். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், ஏனைய ஊர்களைவிட இந்நோய் மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் முடிவு வெளியாயிற்று.

ஆயினும், அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர் 31,343 பேரே. வராதவருள் எத்தனை பேரை நாணம் தடுத்ததோ!

மார்க்கத்தைக் கேட்டறிய அன்ஸாரிப் பெண்களை நாணம் தடுக்கவில்லையென அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததையும் அன்றே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்கிறோம்: சகோதரிகளே, வலி வரும்வரை காத்திராதீர்கள், சோதித்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் பிழை பொறுப்பானாக.