10-ல் 1 போனால் 7!

கணக்கு டீச்சருக்கே கணக்கு உதைத்தால்? கிரேஸ் ஹாப்பருக்கு உதைத்தது. அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1943-ல் கடற்படையில் சேர்ந்து அப்படியே கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டார்.

ஒரு சமயம் அவருடைய பேங்க் கணக்கு எப்படிப் போட்டாலும் நேராகவில்லை. வங்கியில் வேலை பார்த்த தம்பி செக் புக்கைப் புரட்டிவிட்டுக் கண்டுபிடித்தார்... அக்கா அங்கங்கே எட்டடிமானத்தில் கழித்திருக்கிறார்! அந்தக் கணக்கில் 8, 9 கிடையாது. 7-க்கு அடுத்து 10. மெஷினுக்காகப் பழகியது வீட்டுக்கும் வந்துவிட்டது.

மனுஷங்க எதற்கு மெஷின் மாதிரி யோசிக்க வேண்டும்? நாம் எழுதுவதை மெஷினே தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளட்டுமே என்று 1952-ல் கம்பைலர் செய்தார். கம்ப்யூட்டர் கூட்டிக் கழிக்கத்தான் லாயக்கு என்று பலர் அதைச் சீண்டவே இல்லை. பின்னால் வந்த கோபால் மொழிக்கு (நம்ம ஊர் கோபால் அல்ல!) அவருடைய வேலைதான் அடித்தளம்.

சாட்டிலைட் வழியாகச் செய்தி போக ஏன் தாமதம் என்று கடற்படை அதிகாரிகள் கேட்டால், ஒரு ஒயர் துண்டை நீட்டுவார். நீளம் 30 சென்டிமீட்டர். நொடியை 100 கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு நானோ செகண்டில், ஒளி போகும் தூரம் அவ்வளவுதான். மேலே சாட்டிலைட் வரைக்கும் இந்தத் துண்டுகளை அடுக்கிப் பாருங்கள் என்பார்.

பெரியதாழையிலிருந்து கடலுக்குப் போகும் படகில் உள்ள ஜிபிஎஸ்ஸுக்கும் இதே ஒயர் கணக்குதான். சாட்டிலைட் கடிகாரம் 1,000 நானோ செகண்ட் பிசகினால், அளக்கும் தூரம் 300 மீட்டர் தப்பும். இருட்டில் வலையைத் தேடுகிறவருக்கு அது கொஞ்ச தூரமா?