ழகரம் இல்லாத விசைப்பலகை

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. காவிரியின் வேகத்தை மின்னாக்கி, காடும் மேடும் கடந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து, இங்கே சுரங்கப் பொறிகளை இயக்கினார்கள். அத்தகைய ஊரில் பிறந்த நான், பத்தடி அகலமுள்ள ஓர் அறையில் ஒரே ஒரு கம்பியை எவ்வாறு ஒழிப்பது என்று மூன்று மாத காலம் அல்லற்பட்டேன் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் குற்றமில்லை. ஆனால் இதே அல்லல் பலர் இல்லத்திலும் இருக்கக் காண்கிறேன். ஆதலின் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பணியாற்றியவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்று சில ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தார். இன்று அந்த ரயிலில் நான் போய் வருகிறேன். இருள் பிரியுமுன் மாரிகுப்பத்தில் ஏறினால், இரவில்தான் வீட்டுக்கு முகம் காட்ட முடியும். என் மனைவியும் வேலைக்குச் செல்பவள். மகன் பள்ளிக்குச் செல்பவன். பகலெல்லாம் முதியோர் இருவரும் தனித்திருப்பார்கள். அவர்களுக்குத் துணையாகட்டும் என்று, சாப்பாட்டு டப்பா அளவேயுள்ள சிறு கணினிப் பெட்டி ஒன்றை வாங்கித் தொலைக்காட்சியோடு இணைத்தேன். பழைய படங்களும் பாடல்களும் இணையத்தின் வழியாக அதில் வந்து குவியும்.

குவிவது உண்மைதான், கேட்டால் அல்லவா குவியும்? கேட்பதற்கு ஆங்கில எழுத்து வேண்டும். என் அன்னையார் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்றவர். நாளிதழை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிப்பார். ஆங்கிலமோ அவருக்குக் கோலம் போன்றது. பார்க்கலாம், படிக்க இயலாது. என் மகனின் நிலை நேர்மாறு. பள்ளியில் அவனுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் உண்டு. தமிழ் வாயில் உண்டு, கையில் இல்லை. ஆகவே ஒரு பாட்டைக் கேட்க விரும்பினாலும், என் அன்னையார் பேரன் வரும் நேரத்தைப் பார்த்திருந்தார். அவன் விளையாடப் போய்விட்டால் அன்றைக்குப் பாட்டில்லை.

ஒரு நாள் ‘ஏழை படும் பாடு’ பார்க்க வேண்டுமென்றார். நாகையா நடித்து 1950இல் வெளிவந்த படம். மகன் தன் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்துகளைத் தட்டினான். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும் ஈரெழுத்து வழக்கம் அவனுக்குத் தெரியாது. ஏலக்காய் பயிரிடும் முறைதான் திரையில் வந்தது. “பரவாயில்லை தம்பி, இதையே பார்க்கிறேன்” என்று சொல்லி, அரை மணி நேரம் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரவு வந்ததும் மகன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது கிடைக்காவிட்டாலும் கிடைத்ததை ஏற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை என் அன்னையார் வாழ்நாளெல்லாம் பயின்றிருக்கிறார். தம் வீட்டுப் பெட்டியிடமுமா அவர் அப்படி நடக்க வேண்டும்?

வாயால் சொன்னால் போதுமே என்பார் உண்டு. முயன்று பார்த்தோம். அன்னையார் ஒரு சொல்லைச் சொல்லி, அடுத்ததை நினைவுகூர்வதற்குள் பொறி செவியை மூடிக்கொள்ளும். லைன் வீட்டுச் சுவரின் கனம் அன்பர்கள் அறிந்ததே. இரண்டாம் முறை உரக்கச் சொன்னபோது, சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மையார் விடை பகர்ந்தார்.

பிறகு கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்தேன். மலிவானது, பழுதில்லாதது. ஆனால் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பத்தில் அந்தக் கம்பி எங்கே கிடக்கும்? இரவில் எழுந்த தந்தையாரின் காலில் சிக்கியது. நல்ல வேளையாக விழவில்லை. மறுநாளே கம்பியில்லாததைத் தேடிப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்பட்டேன்.

அங்கே ஒரு கடையில், உள்ளங்கை அளவுள்ள சிறு விசைப்பலகை ஒன்றைக் காட்டினார்கள். இருட்டில் ஒளிவிடும், சுட்டியின் வேலையையும் தானே செய்யும். அழகில் மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின்தான் அதன் குறை புலப்பட்டது. அதில் ழகரத்துக்கு இடமில்லை!

இதைச் சற்று விளக்க வேண்டும். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுந்தியது என்பதற்குரிய எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது பெட்டி. ஆகவே தமிழ் விசைப்பலகை என்று தனியே தேடி அலைய வேண்டியதில்லை. பெட்டிக்குத் தமிழ் தெரிந்தால் போதும். எங்கள் பெட்டியில் விண்டோஸ் இருப்பதால் தமிழ்99 என்னும் விசைமுறையைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. வேறு வகைப் பெட்டி வாங்குவோர், வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகையில் அது தமிழ் ஏற்குமா என்பதைக் கடையிலேயே தட்டிப் பார்த்துவிடுதல் நலம்.

தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட முறை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினால் ‘அம்மா’ என்று வரும். புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்ளும். பள்ளியில் எழுத்துக் கூட்டிய முறைக்கு அண்மையில் இருப்பதால், என் அன்னையார் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார். (தமிழ்த் தட்டச்சுக்கு வழிகாட்டிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவும் பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து சென்றவரே. ஊரைவிட்டு வந்தவர்களுக்குத்தான் எழுத்தின் கவலை மிகுதி போலும்.)

ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகள். நமக்கு உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. எஞ்சிய எழுத்துகள் வலக்கோடியில் நிறுத்தக்குறிகள் உள்ள விசைகளில் குடியேறியிருக்கின்றன. அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. உள்ளங்கைப் பலகையில் இடத்தை மிச்சப்படுத்த இந்த விசைகளைத்தான் ஒழித்திருந்தார்கள். வேறொரு விசையை அழுத்திக்கொண்டு, மற்றோர் எழுத்தின் தோள்மேல் கடுகுபோல் பொறித்திருக்கும் குறியைத் தேட வேண்டும். எழுபது வயதுக் கண்ணுக்கு இது ஆகுமா? ஆங்கிலத்தில் அற்பக் குறிகள். நமக்கோ அவை இல்லாமல் ‘தமிழ்’ என்ற சொல்லே எளிதில் வராது.

கடையில் திருப்பிக் கொடுக்க முயன்றேன், மறுத்துவிட்டார்கள். அந்தப் பலகை இப்போது என் மகனின் விளையாட்டுப் பொருள். இரண்டாம் முறை சென்றபோது, ஒளியையும் அழகையும் பார்க்கவில்லை. வலக்கோடியில் அந்த ஐந்து விசைகளும் தனித்தனியே, விரல் படும் அளவில் உள்ளனவா என்று மட்டும் பார்த்தேன். கடைக்காரர் என்னை விந்தையாக நோக்கினார்.

எழுத்துக்கு வழி பிறந்தது, சுட்டுவதற்கு? வாங்கிய பலகையின் ஓரத்தில் விரலால் தடவும் பரப்பு இருந்தது. டச்பேட் என்பார்கள். அன்னையாருக்கு அது இசைந்தது. தந்தையாரின் விரலை அது அறியவே இல்லை. அந்தப் பரப்பு அழுத்தத்தை உணர்வதன்று; தோலின் வழியே ஏற்படும் மிக நுண்ணிய மின் மாறுதலை உணர்வது. வறண்டு காய்ப்பேறிய தோலில் அந்த மாறுதல் குன்றிவிடும். பாறையைத் துளைத்த கை, செங்கல் சுமந்த கை, பெட்டியின் முன் கையே இல்லாதது போல் ஆயிற்று. “என்னை இதற்குப் பிடிக்கவில்லை” என்று தந்தையார் பலகையை அப்பால் வைத்துவிட்டார்.

காற்றில் அசைத்தால் அம்பு நகரும் கருவியைக் கொடுத்தேன். கை நடுங்கினால் திரையில் அம்பும் நடுங்கிற்று. வழக்கமான சுட்டியைக் கொடுத்தேன். அதை நகர்த்த மேசை வேண்டும். எங்கள் வீட்டில் பாய்தான் மேசை.

முடிவில் கைகொடுத்தது டிராக்பால். கருவி அசையாது, மேலே பதித்த பந்தை மட்டும் உருட்டினால் அம்பு ஓடும். எலியை ஒத்த அந்தச் சுட்டியை 1968இல் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர் உலகறியக் காட்டினார். பந்தோ அதற்கும் மூத்தது. 1946இல் ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆக்கியது. பழையது என்பதால் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. பெருவிரலால் உருட்டும் வகையும் உண்டு. பந்து நடுவில் பெரிதாக அமைந்து, உள்ளங்கையாலும் உருட்டக்கூடியதே முதியோருக்கு ஏற்றது. இரட்டைத் தட்டு தந்தையாருக்கு வரவில்லை. “சுரங்கக் கூண்டை நிறுத்த ஒரு மணிதான் அடிப்போம், இதற்கு எதற்கு இரண்டு?” என்றார். நியாயந்தானே? ஒரே தட்டில் கோப்பு திறக்கும்படி மாற்றி வைத்தேன்.

கம்பியில்லாதவற்றிலும் இரு வகை உண்டு. ஒன்று புளூடூத், பெட்டியோடு நேரே உறவு கொள்வது, சில வேளை அந்த உறவை மறந்துவிட்டு மீண்டும் அறிமுகம் கேட்பது. மற்றொன்று நகத்தளவு வாங்கி ஒன்றைப் பெட்டியில் செருகி வைப்பது. நாங்கள் இரண்டாவதைக் கொண்டோம். சில நாள் அம்பு தத்தித் தத்திச் சென்றது. பெட்டியின் யுஎஸ்பி 3 துளையில் பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தது. அத்தகைய இணைப்பு எழுப்பும் இரைச்சல், இக்கருவிகள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் குறுக்கிடும் என்பதைப் பிறகு அறிந்தேன். அரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் வாங்கியைச் செருகித் தள்ளி வைத்தவுடன் தெளிந்தது. கம்பியை ஒழிக்கப் புறப்பட்டு, இறுதியில் ஒரு முழக் கம்பி வாங்கினேன்!

எழுத்துகளை விசைகளின் மேல் ஒட்டியவர் அன்னையார். பழைய நாட்காட்டித் தாள்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கத்தரித்து, மேலே கண்ணாடி நாடா ஒட்டினார். மகன் அருகில் அமர்ந்து, “ஆயா, இது எது?” என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தான். ளகரமும் லகரமும் இடம் மாறி ஒட்டப்பட்டு, ஒரு வாரம் குழப்பம் நேர்ந்ததற்கு அவனே பொறுப்பு.

சென்ற ஞாயிறன்று நான் வீட்டிலிருந்தேன். அன்னையார் ஒற்றை விரலால் ஏ, ழ, ஐ என்று தட்டினார். தந்தையார் பந்தை மெல்ல உருட்டி, வந்த வரிசையில் ஒன்றைத் தேர்ந்தார். படம் தொடங்கிற்று. யாரும் என்னை அழைக்கவில்லை. நான் வாயிலில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். நாட்காட்டி முழுவதும் தேடியும் ஔகாரம் மட்டும் அகப்படவில்லையாம். அந்த விசையின் மேல் இன்னும் ஆங்கில எழுத்தே இருக்கிறது.